பால் பத்தலையா, இல்ல எனக்குத்தான் குடுக்கத் தெரியலையா? 9 நாள் ஆச்சு, முடியல

தூக்கம்_எங்கே

ராத்திரி ரெண்டே முக்காலுக்கு ஒத்தக் கையில டைப் பண்றேன், இன்னொரு கையில பாப்பா, அதனால தப்பு தப்பா இருந்தா கோச்சுக்காதீங்க.

சிசேரியன், முதல் குழந்தை, இன்னியோட 9 நாள். பொறக்கும்போது 3.1 கிலோ, 4வது நாள் டிஸ்சார்ஜ் ஆகும்போது 2.88, அதுக்கப்புறம் எடை பாக்கல. முதல் மூணு நாள் பால்னு ஒண்ணு வந்த மாதிரியே இல்ல, ஏதோ சொட்டு சொட்டா மஞ்சளா வந்துச்சு. நாலாவது நாள் ராத்திரி திடீர்னு ரெண்டு பக்கமும் கல்லு மாதிரி கட்டிக்கிச்சு, நைட்டி உரசினாலே உயிர் போச்சு, பாப்பாவால வாயில பிடிக்கவே முடியல, வழுக்கி வழுக்கிப் போச்சு, அவ அழ, நான் அழ. அந்தப் பால்கட்டு எப்படியோ கொறஞ்சுருச்சு. ஆனா அதுக்குள்ள காம்பு ரெண்டும் வெடிச்சுப் போச்சு. இடது பக்கம் நேத்து ரத்தமே வந்துச்சு. அவ வாய வெக்கிற அந்த முதல் அரை நிமிஷம் கால் விரலை மடக்கிக்கிட்டு ஒண்ணு ரெண்டு மூணுன்னு எண்ணிக்கிட்டு இருப்பேன், இருபது தாண்டினா கொஞ்சம் மரத்துப் போயிடும்.

முக்கா மணி நேரம் குடிப்பா, தூங்கிடுவா, கீழ போட்ட பத்தாவது நிமிஷம் திரும்ப அழுகை. சாயங்காலம் 6 மணில இருந்து 11 வரைக்கும் மடிய விட்டு இறக்கவே முடியாது. "பால் பத்தல, பாவம் பசிக்குது அதுக்கு"ன்னு எல்லாரும் சொல்றாங்க, எங்க அம்மாவும் மாமியாரும் ஒத்துப்போற ஒரே விஷயம் இதுதான். சரின்னு நேத்து குடுத்து முடிச்சதும் பம்ப் வெச்சுப் பாத்தேன், ரெண்டு பக்கமும் சேத்து 20 மில்லி. அந்த பாட்டில் அடியில ஒட்டிக்கிட்டு இருந்ததைப் பாத்து அழுதுட்டேன். ஃபார்முலா டப்பா வாங்கி வெச்சாச்சு, இன்னும் பிரிக்கல. பிரிச்சா அதோட என் பால் நின்னுடும்னு ஒருத்தர் சொல்றாங்க, பிரிக்காம குழந்தைய பட்டினி போடறியான்னு இன்னொருத்தர் கேக்கறாங்க.

நிஜமாவே எனக்குப் பால் இல்லையா? இந்த வலி எத்தனை நாள் இருக்கும்? பொறுத்துக்கணுமா?

வாண்டு_ரெண்டு

மொதல்ல கடைசிக் கேள்விக்கு பதில் சொல்றேன்மா. பொறுத்துக்கக் கூடாது. முதல் வாரம் வாய வெச்ச உடனே ஒரு சில செகண்ட் சுருக்குனு இருக்கறது நிறைய பேருக்கு இருக்கும், அது போயிடும். ஆனா வெடிக்கறதும் ரத்தம் வர்றதும் "எல்லா அம்மாவுக்கும் அப்படித்தான்" ரகம் கிடையாது, அது பாப்பா காம்பை மட்டும் கடிச்சுக்கிட்டு குடிக்கறான்னு அர்த்தம். நான் மூத்தவனுக்கு மூணு வாரம் பல்லக் கடிச்சுக்கிட்டே குடுத்து வீணா அவஸ்தைப் பட்டேன், சின்னவளுக்கு ரெண்டாவது நாளே சரி பண்ணிட்டேன், அதனால சொல்றேன்.

ஒரு சின்ன டெஸ்ட். அவ வாய எடுத்த உடனே காம்பைப் பாருங்க. உருண்டையா, கொஞ்சம் நீண்டு இருந்தா சரி. புது லிப்ஸ்டிக் முனை மாதிரி ஒரு பக்கமா சரிஞ்சு, தட்டையா, நுனியில வெள்ளைக் கோடு மாதிரி இருந்தா உள்ள மேலண்ணத்துல நசுங்கிட்டு இருக்குன்னு அர்த்தம். என்னோடது அப்படித்தான் இருந்துச்சு.

நான் பண்ணின தப்பு என்னன்னா, குழந்தைய மடியில மல்லாக்கப் படுக்க வெச்சு தலைய மட்டும் திருப்பி, நான் குனிஞ்சு மார்பைக் கொண்டு போய் வாயில திணிப்பேன். நீங்களே கழுத்தைத் தோள் பக்கமா திருப்பி வெச்சுக்கிட்டு ஒரு டம்ளர் தண்ணி குடிச்சுப் பாருங்க, இறங்குதான்னு. அவ வயிறு உங்க உடம்போட ஒட்டி இருக்கணும், காது தோள் இடுப்பு மூணும் ஒரே நேர்கோட்டுல. மூக்குக்கு நேரா காம்பு, ஆமா வாய்க்கு நேரா இல்ல, மூக்குக்கு நேரா. காம்பால மேலுதட்டை லேசா தடவிக்கிட்டே இருங்க, கொட்டாவி விடற மாதிரி பெருசா வாயத் திறக்கற வரைக்கும் வெயிட் பண்ணுங்க (இதுதான் கஷ்டம், அழற குழந்தைய வெச்சுக்கிட்டு வெயிட் பண்ண மனசு வராது), திறந்த உடனே குழந்தைய சட்டுனு நம்ம பக்கம் இழுக்கணும், மொதல்ல முகவாய் வந்து மார்புல பதியணும், தலை லேசா அண்ணாந்து இருக்கணும். பின்னந்தலையப் பிடிச்சு அழுத்தாதீங்க, அழுத்தினா அதுங்க முரண்டு பிடிக்கும், கழுத்துக்குக் கீழ தோளைத் தாங்கினா போதும். சரியா பிடிச்சிருந்தா கீழுதடு வெளிய மடிஞ்சிருக்கும், காம்பைச் சுத்தி இருக்கற கருவட்டம் மேல்பக்கம் கொஞ்சம் தெரியும், கீழ்பக்கம் கிட்டத்தட்ட தெரியாது. வலி நிக்கலைன்னா சுண்டு விரலைக் கழுவிட்டு அவ வாயோரமா உள்ள விட்டு அந்தக் காத்தை விடுவிச்சு எடுத்துட்டு மறுபடி முதல்ல இருந்து. வெடுக்குனு இழுத்துடாதீங்க, இருக்கற வெடிப்பு இன்னும் கிழியும். ஒரு தடவைக்கு அஞ்சு வாட்டி எடுத்து எடுத்து வெச்சிருக்கேன் நான்.

சிசேரியன்னா மடியில வெச்சா தையல் மேல உதைப்பா. கக்கத்துல பந்தை இடுக்கற மாதிரி அவ கால் உங்க முதுகுப் பக்கம் போற மாதிரி வெச்சுப் பாருங்க, இல்லன்னா ஒருக்களிச்சுப் படுத்துக்கிட்டு. எனக்கு கக்கத்துல வெச்சதுதான் கை குடுத்துச்சு, ஏன்னா அப்பதான் வாய் எங்க போகுதுன்னு கண்ணால பாக்க முடிஞ்சுச்சு.

வெடிப்புக்கு, குடுத்து முடிச்சதும் ரெண்டு சொட்டுப் பாலையே தடவி காத்தாட விடுங்க, இல்ல லானோலின் க்ரீம், அதைத் துடைக்காமலே அடுத்த வாட்டி குடுக்கலாம். சோப்பு போடாதீங்க. ரத்தம் உள்ள போனாலும் அவளுக்கு ஒண்ணும் ஆகாது, எதுக்களிக்கும்போது லேசா சிவப்பா பழுப்பா வந்தா பயந்துடாதீங்க.

பால் இருக்கா இல்லையாங்கறதுக்கு நீங்க டயப்பர் கணக்கு சொல்லவே இல்லையே? அதைச் சொல்லுங்க.

தூக்கம்_எங்கே

@வாண்டு_ரெண்டு அக்கா இப்பதான் பாத்தேன், அதே லிப்ஸ்டிக் முனைதான்!! டயப்பர் எண்ணவே இல்ல, மாத்தறது அவரும் அம்மாவும். கேட்டா "நிறையதான் போறா"ன்னு சொல்றாங்க. எவ்வளவு போகணும்?

நைட்_டூட்டி_சிஸ்டர்

பிரசவ வார்டுல வேலை பாக்கறேன், தினமும் இதே கேள்விதான். கொஞ்சம் நீளமா எழுதறேன்.

பிறந்த முதல் நாள் குழந்தை ஒரு தடவைக்குக் குடிக்கறது ஒரு டீஸ்பூன் கிட்டத்தான், 5-7 மில்லி. நீங்க சொன்ன அந்த மஞ்சள் சொட்டுதான் சீம்பால், அதுவே போதும்னுதான் உடம்பு அவ்வளவா குடுக்குது. முழுசா பால் இறங்கறது 2ல இருந்து 5 நாளுக்குள்ள, சிசேரியன்ல கொஞ்சம் லேட் ஆகலாம். நீங்க நாலாவது நாள் கல்லு மாதிரி கட்டிக்கிச்சுன்னு சொல்றதே பால் வந்துருச்சுங்கறதுக்கு சாட்சி. பால் இல்லாத மார்பு அப்படிக் கட்டாது. கேள்வி பால் இருக்காங்கறது இல்ல, அவ வாய்க்குப் போகுதாங்கறதுதான்.

அதுக்கு உள்ள போறதை அளக்க முடியாது, வெளிய வர்றதை எண்ணுங்க. முதல் நாள் ஒரு ஈர டயப்பர், ரெண்டாவது நாள் ரெண்டு, இப்படியே ஏறி 5-6 நாளுக்கு அப்புறம் 24 மணி நேரத்துல குறைஞ்சது 6, நல்லா கனமா. மோஷன் கருப்பா தார் மாதிரி ஆரம்பிச்சு, பச்சையாகி, அஞ்சாவது நாளுக்குள்ள கடுகு மாதிரி மஞ்சளா மாறி இருக்கணும், தினம் 3 தடவையாவது. 9வது நாள்ல டயப்பர்ல செங்கல் கலர்ல பொடி மாதிரி கறை இருந்தா, இன்னும் கரும்பச்சையா போனா, பால் பத்தலைன்னு எடுத்துக்கலாம். முதல் ரெண்டு நாள் அந்தக் கறை சகஜம், இப்ப இல்ல.

எடை. பிறந்த எடையில 7% வரைக்கும் குறையறது சகஜம், 10% தாண்டினா நாங்க உஷாராயிடுவோம். உங்க பொண்ணு குறைஞ்சது 220 கிராம், 7% கிட்ட. பயப்பட ஒண்ணும் இல்ல, ஆனா அஞ்சு நாளா எடை பாக்காம விட்டது சரியில்ல. நாளைக்கே போய்ப் பாருங்க. பால் இறங்கினதுக்கு அப்புறம் ஒரு நாளைக்கு 20-30 கிராம் ஏறணும், 10-14 நாள்ல பிறந்த எடையத் தொட்டுடணும், சிலது மூணு வாரம் எடுத்துக்கும்.

பம்ப்: குடுத்து முடிச்சதும் 20 மில்லி எடுத்திருக்கீங்க, அது மிச்சம்! 9வது நாள்ல அது ஒண்ணும் கேவலம் இல்ல. குழந்தை உறிஞ்சற மாதிரி எந்த மெஷினும் உறிஞ்சாது. காம்புல வெக்கற அந்தப் புனல் அளவு பொருந்தலைன்னாலும் வராது, பதட்டத்துல பாட்டிலையே முறைச்சுக்கிட்டு இருந்தாலும் வராது, ஏன்னா பால் சுரந்து கிடந்தாலும் அதை வெளிய தள்ளற ஆக்சிடோசின்ங்கற ஹார்மோன் வலியிலயும் பயத்துலயும் மக்கர் பண்ணும்.

அந்த சாயங்காலக் கச்சேரி (6 டு 11) கிட்டத்தட்ட எல்லாக் குழந்தையும் பண்றதுதான். விட்டு விட்டு அடுத்தடுத்து குடிச்சுக்கிட்டே இருக்கும். இந்த வயசுல 24 மணி நேரத்துல 8-12 தடவை குடிக்கணும், அதை அழகா இடைவெளி விட்டுக் குடிக்கும்னு யார் சொன்னா? ஆனா "முக்கா மணி நேரம் குடிக்கறா"ங்கறீங்களே, அதுல முழுங்கறது எவ்வளவு நேரம்? ஆரம்பத்துல குட்டிக் குட்டியா வேகமா சப்புவா, பால் இறங்கினதும் நிதானமா ஆழமா இழுப்பா, தாடை கீழ வந்து ஒரு செகண்ட் நிக்கும், அப்ப க்கா... க்கான்னு மெதுவா ஒரு சத்தம் வரும். அதுதான் முழுங்கறது. அந்தச் சத்தம் நின்னு வெறுமன சப்பிக்கிட்டு தூங்கினா, மார்பை C மாதிரி பிடிச்சு கொஞ்சம் அமுக்கிக் குடுங்க, திரும்ப ரெண்டு வாய் முழுங்குவா. அப்படியும் இல்லன்னா அடுத்த பக்கம் மாத்துங்க. ரொம்ப தூங்கினா டிரஸ்ஸைக் கழட்டி வெறும் டயப்பரோட உங்க நெஞ்சு மேல போட்டுக்குங்க, மேல ஒரு துணி. பாதி குழந்தைங்க தானாவே தேட ஆரம்பிச்சுடும்.

டப்பாவைப் பத்தி: எடை ஏறலைன்னா டாக்டர் டாப் அப் (மார்புல குடிச்சது போக மேற்கொண்டு குடுக்கற பால்) சொல்லுவாங்க, அப்ப குடுக்கறதுல ஒரு தப்பும் இல்ல. மொதல்ல மார்பு, அப்புறம் நீங்க எடுத்த பால், அதுவும் பத்தலைன்னா ஃபார்முலா. பாலாடையிலயோ சின்ன கப்பிலயோ குடுக்கலாம். ஃபார்முலா குடுத்தா பால் நின்னுடாது, ஆனா மார்புல இருந்து எடுக்கற தடவை குறைஞ்சா சுரக்கறதும் குறையும், காலி ஆக ஆகத்தான் ஊறும். அதனால ஒரு டாப் அப் குடுத்தா அந்த நேரத்துக்கு ஒரு தடவை பம்ப் பண்ணிடுங்க. கலக்கும்போது டப்பாவுல போட்ட அளவு அப்படியே, தண்ணி ஜாஸ்தி வேண்டாம்.

உடனே கூட்டிட்டு வர வேண்டியது: பால் குடிக்க எழுப்பினாலும் எழுந்திரிக்கல, ஆறு டயப்பருக்குக் கீழ, உடம்புல மஞ்சள் காமாலை நிறம் கால் வரைக்கும் இறங்கிருச்சு, உச்சிக்குழி உள்வாங்கி இருக்கு, 38 டிகிரி செல்சியஸ் ஜுரம். இதுக்கெல்லாம் இங்க பதில் வர்ற வரைக்கும் காத்திருக்காதீங்க.

கலப்படப்_பால்_அம்மா

மேல எல்லாரும் சொன்னது சரிதான், ஆனா ஒண்ணு சொல்லியே ஆகணும். "எல்லாருக்கும் பால் இருக்கும், முயற்சி பண்ணா வரும்"னு சொல்லிச் சொல்லியே என்னை ஒரு மாசம் கொன்னாங்க. எனக்கு லாட்ச் (குழந்தை மார்பை வாயில பிடிக்கறது) சரியாத்தான் இருந்துச்சு, ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை குடுத்தேன், பம்ப் பண்ணேன், எடை ஏறவே இல்ல. கடைசியில ரத்தம் டெஸ்ட் பண்ணா தைராய்டு ரொம்ப கீழ. மாத்திரை ஆரம்பிச்ச அப்புறம்தான் கொஞ்சம் ஏறுச்சு. தைராய்டு மட்டும் இல்ல, பிரசவத்துல ரத்தம் ரொம்ப போனவங்க, நஞ்சுக்கொடித் துண்டு உள்ள தங்கிட்டவங்க, மார்புல ஆபரேஷன் பண்ணவங்க, பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டி) இருக்கற சிலர், இவங்களுக்கெல்லாம் நிஜமாவே கம்மியா இருக்கலாம். நிறைய பேருக்கு இல்ல, ஆனா அந்தக் கொஞ்ச பேர்ல நீங்க ஒருத்தரா இருந்தா "நிறைய பேருக்கு இல்ல"ங்கறது ஒரு ஆறுதலும் கிடையாது.

உங்களுக்கு நல்லா கட்டிக்கிச்சுங்கறதால இது உங்க கதை இல்லன்னுதான் தோணுது. எனக்குக் கட்டவே இல்ல, பிரசவத்துக்கு முன்ன எப்படி இருந்துச்சோ அப்படியே இருந்துச்சு. அப்பவே யாராவது கவனிச்சிருக்கணும். நான் 8 மாசம் வரைக்கும் ரெண்டும் குடுத்தேன், மொதல்ல என்னோடது, மிச்சத்துக்கு ஃபார்முலா. அந்த டப்பாவைப் பிரிச்ச அன்னிக்குதான் என் பையன் பிறந்ததுல இருந்து முதல் தடவையா விரலை விரிச்சுக்கிட்டுத் தூங்கினான். அது வரைக்கும் முஷ்டிய மூடிக்கிட்டேதான் இருப்பான்.

ஒரு_அப்பா

இங்க ஆம்பளைங்க எழுதலாமான்னு தெரியல, உங்க வீட்டுக்காரருக்காக எழுதறேன். டப்பா வாங்கி வெச்சதோட அவர் வேலை முடியல. நான் பண்ணினது: ஒரு பேப்பர்ல கோடு போட்டு ஈரம்/மஞ்சள்/குடிச்ச நேரம்னு மூணு கட்டம், ஃப்ரிட்ஜ் கதவுல ஒட்டிட்டேன். ராத்திரி அழுதா குழந்தையத் தூக்கி டயப்பர் மாத்திக் கொண்டு போய்க் குடுக்கறது, முடிச்சதும் வாங்கி ஏப்பம் விட வெச்சுத் தூங்க வெக்கறது, பம்ப் சாமான் கழுவறது, இதெல்லாம் என் டூட்டி. யாராவது "பால் பத்தல"ன்னு ஆரம்பிச்சா அந்தப் பேப்பரைக் காட்டுவேன், நேத்து 8 ஈரம் 5 மஞ்சள், எங்க இருந்து வந்துச்சு இதெல்லாம்னு. ரெண்டு நாள்ல வீடே அமைதியாயிடுச்சு.

இன்னொண்ணு, முதல் ரெண்டு வாரம் காரணமே இல்லாம அழுகை வரும்னாங்க, என் மனைவிக்கு அது ரெண்டு வாரம் தாண்டியும் நிக்கல, குழந்தை தூங்கினாலும் அவளால தூங்க முடியல. டாக்டர் பிரசவத்துக்கு அப்புறம் வர்ற மனச்சோர்வு இருக்கான்னு பாக்க எடின்பரோ ஸ்கேல்னு 10 கேள்வி குடுத்து பதில் எழுத வெச்சாங்க, அப்புறம் ட்ரீட்மென்ட் எடுத்து சரியாச்சு. அதையும் கவனிக்கச் சொல்லுங்க.

குட்டிப்புயல்

பால்கட்டு திரும்ப வந்தா நல்லா அழுத்தி மசாஜ் பண்ணி கட்டியெல்லாம் கரைச்சு விட்டுடுங்க, ஒத்தடம் குடுத்துட்டு பம்ப் போட்டு முழுசா காலி பண்ணிடுங்க. எனக்கு அப்படித்தான் சரியாச்சு.

நைட்_டூட்டி_சிஸ்டர்

@குட்டிப்புயல் தப்பா எடுத்துக்காதீங்க, நாங்களும் முன்ன அப்படித்தான் சொல்லிக்கிட்டு இருந்தோம். 2022ல அகாடமி ஆஃப் பிரெஸ்ட்ஃபீடிங் மெடிசின்ங்கற டாக்டர்கள் அமைப்பு வழிகாட்டியை மாத்திட்டாங்க. அழுத்தி மசாஜ் பண்ணா உள்ள திசு இன்னும் வீங்கும். பம்ப் போட்டு ஒட்டக் காலி பண்ணா உடம்பு "ஓ இவ்வளவு வேணுமா"ன்னு இன்னும் சுரக்கும். குழந்தைக்கு வேணுங்கறப்ப குடுங்க, ரொம்ப இறுக்கமா இருந்தா இளக்கற அளவுக்குக் கையாலயே கொஞ்சம் எடுத்து விடுங்க, நடுவுல துணியில சுத்தின ஐஸ் வெச்சா வீக்கம் வடியும். ஒரு இடம் மட்டும் சிவந்து, சூடா, குளிர் ஜுரத்தோட 38.5 தாண்டினா டாக்டர் கிட்டப் போகணும். ஆன்டிபயாடிக் குடுத்தாலும் அதே மார்புல பால் குடுக்கறதை நிறுத்தத் தேவையில்ல, நிறுத்தினாத்தான் சிக்கல்.

தூக்கம்_எங்கே

15வது நாள் அப்டேட். எல்லாருக்கும் தனித்தனியா நன்றி சொல்ல கை இல்ல.

10வது நாள் போய் எடை பாத்தோம், 2.95. ஏறி இருக்கு ஆனா கம்மியாத்தான். டயப்பர் எண்ணினா ஆறு, மோஷன் மஞ்சள். டாக்டர் கொஞ்ச நாளைக்கு என் பாலையே எடுத்து தினம் ரெண்டு தடவை 30 மில்லி பாலாடையில குடுக்கச் சொன்னாங்க. அங்கயே லேக்டேஷன் கன்சல்டன்ட் (பால் குடுக்கச் சொல்லித் தர்றவங்க) ஒருத்தர் உக்காந்து நான் குடுக்கறதைப் பாத்தாங்க. நான் அவ வாயத் திறக்கறதுக்குள்ள அவசரப்பட்டு வெச்சுடறேனாம், அதுவும் ரெண்டு விரலால கத்தரி மாதிரி பிடிச்சுக்கறதால கருவட்டத்தை நானே மறைச்சுடறேனாம்! விரலை நாலு இன்ச் பின்னாடி தள்ளச் சொன்னாங்க, அவ்வளவுதான். முகவாய் பதிஞ்சு, இழுத்தா, நான் வழக்கம் போல எண்ண ஆரம்பிச்சேன், ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு... வலிக்கல. அஞ்சாவதுல அந்த க்கா சத்தம் கேட்டுச்சு. நாக்கு அடியில ஒட்டிக்கிட்டு இருக்கான்னும் பாத்தாங்க, இல்லையாம்.

இன்னிக்கு எடை 3.11. இடது பக்கம் இன்னும் முழுசா ஆறல, அந்தப் பக்கம் எப்பவும் கக்கத்துல வெச்சுத்தான். சாயங்காலக் கச்சேரி தொடருது. பேப்பர் ஒட்டியாச்சு, மாமியார் தான் இப்ப கோடு போடறாங்க, ஒண்ணு விட்டுப் போனா என்னைத் திட்டறாங்க. டப்பா அப்படியே அலமாரியில இருக்கு, இப்ப அதைப் பாத்தா பயமும் இல்ல கோவமும் இல்ல.

மூணாம்_நாள்

அக்கா இப்பதான் இந்தத் திரியைக் கண்டுபிடிச்சேன். எனக்கு இன்னிக்கு மூணாவது நாள், கல்லு மாதிரி ஆகிடுச்சு, பையனுக்கு வாய்ல பிடிக்க முடியல, கத்திக்கிட்டே இருக்கான். உங்களுக்கு அந்தப் பால்கட்டு எப்படிக் கொறஞ்சுச்சு? யாராவது இருக்கீங்களா

தூக்கம்_எங்கே

@மூணாம்_நாள் இருக்கேன்மா. எனக்கு அப்ப தெரியாம ஒரு ராத்திரி முழுக்க அவஸ்தைப் பட்டேன், இது அந்த கன்சல்டன்ட் அப்புறம் சொல்லிக் குடுத்தது. அவன் இப்ப பிடிக்க முடியாததுக்குக் காரணம் காம்பைச் சுத்தி இருக்கற இடம் வீங்கி பலூன் மாதிரி விறைப்பா இருக்கறதுதான். கையக் கழுவிட்டு சாய்ஞ்சு படுங்க. ரெண்டு கை விரல் நுனியையும் காம்பை ஒட்டி ரெண்டு பக்கமும் பூப்போல வெச்சு, நேரா நெஞ்சுக்கூட்டைப் பாத்து உள்பக்கமா மெதுவா அழுத்திப் பிடிங்க, பிசையாதீங்க, பிதுக்காதீங்க, வலிச்சா இன்னும் லேசா. ஒரு நிமிஷம் அப்படியே. அப்புறம் விரலை மேல கீழ மாத்தி வெச்சு இன்னொரு நிமிஷம். விரல் தடம் குழியாத் தெரியும், அந்த இடம் மட்டும் காது மடல் மாதிரி மெத்துனு ஆயிடும், ரெண்டு சொட்டு தானா வடியும். அந்த நொடியே அவனை வாயில வைங்க, லேட் பண்ணா திரும்ப வீங்கிடும். அவன் ரொம்ப கத்தினா மொதல்ல வீட்டுக்காரர் கிட்ட குடுத்து நெஞ்சுல போட்டு சமாதானப்படுத்தச் சொல்லிட்டு இதைப் பண்ணுங்க, பண்ணிட்டு எழுதுங்க.

மூணாம்_நாள்

பிடிச்சுட்டான்க்கா. வலது பக்கம் மட்டும். இடது பக்கத்துக்கு மறுபடி பண்றேன்